துணிச் சந்தின் கடைசி டைம் அவுட்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், தம்மால் வர முடியாது என்று துணிச் சந்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கழிப்பறையிலிருந்து சொல்லி அனுப்பினார்.

முந்தின நாள் சம்பந்தி வீட்டில் விருந்து. குதிரைப்பால் புளித்துப் பொங்குகிற பருவம். சம்பந்தி நீட்டும் கிண்ணத்தை மறுத்தால் உறவு கெடும், மறுக்காவிட்டால் வயிறு கெடும். மனிதர் உறவைக் காப்பாற்றியிருந்தார்.

"இப்ப பெஞ்சுல யாரு உக்காருறது?" என்று கேட்டான் அணித்தலைவன் துருஸ்பெக். திரைச்சீலை விற்கிறவன். ஆளும் திரைச்சீலைக் கம்பி மாதிரிதான் இருப்பான்.

சந்து மொத்தமும் ஷர்ஷெனைத் திரும்பிப் பார்த்தது.

ஷர்ஷென் மேல்கோட்டு வியாபாரி. பிறந்ததிலிருந்து பந்தைக் கையால் தொட்டவர் இல்லை. ஆனால் பேரத்தில் அவரை மடக்கிய ஆள் அந்தப் பெரிய கன்டெய்னர் பஜாரில் கிடையாது. இருபத்தாறு வருட வியாபாரத்தில், தனக்கு வேண்டியது இன்னது என்று அவர் முதல் வார்த்தையிலேயே சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கறுப்புக் கோட்டை விற்க வேண்டுமென்றால் பழுப்புக் கோட்டைப் புகழ்வார். சாப்பாட்டில் கொழுப்புத் துண்டு வேண்டுமென்றால் வயிறு சரியில்லை என்று ஆரம்பிப்பார்.

"எதிர்ப் பக்கம் ஒமுராலி உக்காந்திருக்கான். அவனைச் சமாளிக்க நீங்கதாண்ணே லாயக்கு" என்றார்கள். ஒமுராலி செருப்புச் சந்தின் பயிற்சியாளர். கொஞ்சம் பந்தாட்டம் தெரிந்தவர், அதை நிறையத் தெரிந்ததுபோல் விற்கவும் தெரிந்தவர்.

அன்றைய ஆட்டத்துக்குப் பின்னால் ஒரு மினிபஸ் நிறுத்தம் இருந்தது. பிஷ்கேக் நகரத்திலிருந்து பஜாருக்குப் புதிய சாலை போட்டாயிற்று. நிறுத்தம் துணிச் சந்தின் வாயிலில் வரும், அல்லது செருப்புச் சந்தின் வாயிலில் வரும். வண்டியிலிருந்து இறங்குகிற கால் முதலில் எந்தச் சந்தை மிதிக்கிறதோ அந்தச் சந்து பிழைக்கும். மற்றது ஈ ஓட்டும். இரண்டு சந்தும் ஒரு வருடம் பேரம் பேசின. இரண்டு பக்கமும் வியாபாரிகள் என்பதால் ஒரு வருடத்தில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கடைசியில் பஜார் நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த வருஷக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துல நீங்க ரெண்டு பேரும்தானே மோதுறீங்க? ஜெயிக்கிற சந்துக்கு நிறுத்தம். இப்ப என் அறையை விட்டு வெளிய போங்க" என்று சொல்லிவிட்டார்.

ஷர்ஷெனின் மனைவி குல்பாரா அவருடைய தொப்பியைச் சரிசெய்து விட்டாள். பிரியத்தில் செய்வதுபோல்தான் இருந்தது.

"தோத்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க. கன்டெய்னர்லயே படுத்துக்குங்க. கோட்டு நெறைய இருக்கு, போத்திக்கலாம்."

"ஒரு பந்தாட்டத்துக்கா இவ்வளவு?"

"இருபத்தாறு வருஷமா சந்தோட கடைசியில உக்காந்திருக்கேன். வழி தவறி வர்றவன்தான் நம்ம கடைக்கு வர்றான். போங்க, போய் உக்காருங்க."

துருஸ்பெக் ஓடிக்கொண்டே விதிகளைச் சொன்னான். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாண்ணே. நாங்க தடுமாறினா மேசையில ஸ்கோர் எழுதுற டீச்சர்கிட்ட போய் டைம் அவுட் கேளுங்க. பந்து நின்னதும் ஒரு நிமிஷம் குடுப்பாங்க, மூச்சு வாங்கிக்குவோம். முதல் பாதியில ரெண்டு, ரெண்டாம் பாதியில மூணு."

"இனாமாவா?"

"இனாம்தான்."

ஷர்ஷெனுக்கு இனாம் என்றாலே சந்தேகம். இருந்தாலும் கைக்கு வந்த சரக்கு. ஜூலையில் வருகிற கோட்டை ஜூலையிலா விற்பார்கள்? பனி விழட்டும் என்று வைத்துக்கொண்டார்.

லாரிகள் சரக்கிறக்கும் சிமெண்டுக் களம்தான் ஆட்டக் களம். ஒரு கூடை பஜார் வாசல் கேட்டுப் பக்கம், இன்னொன்று கிடங்குப் பக்கம். உட்கார இடம் கிடையாது. பந்து எந்தக் கோடியில் இருக்கிறதோ அந்தக் கோடிக்கு முந்நூறு பேரும் நெட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் ஒரு மேசை. அதில் ஸ்கோர் எழுத லிதியா பெத்ரோவ்னா டீச்சர். பஜாரில் பாதிப் பேருக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். எழுபத்து மூன்று வயதிலும் எதிரே நிற்கிறவன் சட்டைப் பொத்தானைப் போட வைக்கிற பார்வை.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பத்து நிமிடம் சமமாக ஓடியது. பிறகு செருப்புச் சந்து ஏறியது. துருஸ்பெக் ஒரு கையை மட்டமாகவும் மறு கையை நட்டமாகவும் வைத்து டைம் அவுட் சைகை காட்டினான். ஷர்ஷென் உள்ளங்கையைத் தாழ்த்தி, பொறு என்று காட்டினார். செருப்புச் சந்து மேலும் ஏறியது. துருஸ்பெக் இரண்டு கைகளையும் உடைந்துவிடும்போல் மோதிக் காட்டினான். ஷர்ஷென் கண்ணை மூடித் திறந்தார். விலை ஏறும்போது விற்கிறவன் முட்டாள்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் சலித்துக்கொண்டது. "இப்ப நிறுத்தியிருக்கணும். என்னமா ஒரு நேரம், விட்டுட்டாரே."

திரும்பிப் பார்த்தார். தந்தூரில் சுட்ட இறைச்சிச் சம்சா விற்கும் மைராம்கான், தலைக்கு மேல் தட்டோடு கூட்டத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் 31க்கு 22. துணிச் சந்து ஒன்பது புள்ளி பின்னால். ஷர்ஷென் கலங்கவில்லை. மேசைக்குப் போனார்.

"டீச்சர், என்கிட்ட ரெண்டு இருக்கு. இப்ப மூணு வருது. ஆக அஞ்சு. சரிதானே?"

"மூணு."

"அந்த ரெண்டு?"

"போச்சு. முதல் பாதிச் சரக்கு முதல் பாதியோட செத்துப்போச்சு."

"நான் தொடவே இல்லையே டீச்சர்! பிரிக்காத சரக்கு!"

"பாலை வெயில்ல வச்சிட்டு, நான் ஒரு வாய்கூடக் குடிக்கலன்னு சொன்னா கெடாம இருக்குமா?"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணு குடுங்க. நாலுன்னு எழுதிக்குங்க."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாம் வகுப்புலயும் நீ மார்க்குக்கு இப்படித்தான் பேரம் பேசின."

"குடுத்தீங்களே!"

"அதுக்கு இன்னிக்கு வரைக்கும் வருத்தப்படுறேன். இதையும் கேட்டுக்கோ. இந்த மூணையும் கடைசிக்குன்னு பதுக்கி வச்சேன்னா, கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டுதான் செல்லும். மூணாவதும் செத்துடும்."

தேதி போட்ட சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஷர்ஷெனுக்கு அப்போதுதான் விளங்கியது. எப்போது விற்பது என்று சொல்ல ஆட்டம் தெரிந்த ஆள் வேண்டும். மைராம்கானின் குரல் ஞாபகம் வந்தது.

மைராம்கான் நல்ல உயரம். கன்டெய்னர் கதவில் குனிந்துதான் நுழைவாள். சோவியத் காலத்தில் அவள் நகரப் பெண்கள் அணியில் ஆடியவள் என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. யாரும் அவளிடம் கேட்டதில்லை. உயரம் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு?

அவளுடைய வண்டி கேட்டுப் பக்கக் கூடைக்கு அருகில் நின்றது. ஷர்ஷென் சுற்றி வளைத்தார்.

"குளிரு ஆரம்பிச்சிடுச்சு இல்ல?"

"ஆமாண்ணே. எத்தனை சம்சா?"

"பசியில்ல. நீ சின்ன வயசுல ஆடியிருக்கியா, மைராம்கான்?"

"சின்ன வயசுல ஆடாதவங்க யாருண்ணே?"

"நான் ஆடல."

"அது தெரியுது."

இந்தப் பதிலில் ஷர்ஷென் விழுந்துவிட்டார். இவ்வளவு துணிச்சலாகப் பேசுகிறவளுக்கு விஷயம் தெரியாமல் இருக்காது.

"எப்ப நிறுத்தணும்னு நீ சொல்லு. நான் போய்க் கேட்டுடறேன். நீதான் சொன்னன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் கன்டெய்னர்களுக்கு மேலே வானத்தை ஒருமுறை பார்த்தாள். மனக்கணக்குப் போடுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"சொல்றேண்ணே. ஆனா சொன்ன சூட்டோட கேட்டுடணும். அப்புறம் யோசிச்சேன், தூங்கினேன்னு வரக்கூடாது."

"என் தலைமேல ஆணை."

"அப்ப ரெண்டு சம்சாவாவது வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டார். பேரம் பேசாமல் அவர் வாங்கிய முதல் சம்சா அதுதான்.

இரண்டாம் பாதியில் இரு அணிகளும் கூடை மாற்றிக்கொண்டன. துணிச் சந்து இப்போது கிடங்குப் பக்கக் கூடையில் போட வேண்டும். கேட்டுப் பக்கக் கூடை அவர்கள் காக்க வேண்டியது.

துருஸ்பெக்குக்கு என்ன வந்ததோ, எறிந்ததெல்லாம் விழுந்தது. எட்டுப் புள்ளி வரிசையாக வந்தது. ஒன்பது புள்ளி இடைவெளி ஒரே ஒரு புள்ளியாகக் குறைந்தது. செருப்புச் சந்து மூச்சிரைத்தது. ஒமுராலி தொப்பியைப் பிசைந்தார்.

மைராம்கான் வானத்தைப் பார்த்தாள். பிறகு ஷர்ஷெனின் காதருகே குனிந்தாள்.

"இப்ப."

"இப்பவா? நல்லா போய்க்கிட்டிருக்கே?"

"இப்பண்ணே. சொல்லிட்டேன்."

ஷர்ஷென் மேசைக்குப் போய்க் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். பந்து கோட்டுக்கு வெளியே போனதும் ஊதல் ஒலித்தது. கூட்டம் பெருமூச்சு விட்டுவிட்டு டீக்கும் சம்சாவுக்கும் மொய்த்தது. துருஸ்பெக் வியர்வை சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"யாருண்ணே டைம் அவுட் கேட்டது?"

"நான்தான்."

"மண்ணைக் கவ்வினப்ப நிறுத்தல. ஓடுற குதிரையை எதுக்குண்ணே நிறுத்துறீங்க?"

"விஷயம் இருக்கு."

"என்ன விஷயம்?"

ஷர்ஷெனுக்கும் தெரியாது. "எல்லாத்தையும் கடைவாசல்ல வச்சா பேச முடியும்?" என்று சமாளித்தார்.

நிமிடம் முடிந்து ஆட்டம் தொடர்ந்தபோது துருஸ்பெக்கின் கை ஆறிப்போயிருந்தது. எறிந்த ஐந்தும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. செருப்புச் சந்து மறுபடி ஏழு புள்ளி ஏறியது. துணிச் சந்தின் பாதி ஆட்கள் ஷர்ஷெனைப் பார்த்த பார்வையில், தைத்த கோட்டின் நூல் பிரிந்துவிடும்போல் இருந்தது.

ஆனால் ஷர்ஷென் ஒன்றைக் கவனித்தார். மைராம்கான் தட்டோடு எதிர்ப் பெஞ்சுக்குப் போனாள். ஒமுராலியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். ஒமுராலி தாடியைத் தடவினார். அடுத்த நிமிடம் அவரும் எழுந்து போய் டைம் அவுட் கேட்டார். அவருடைய அணி நான்கு கால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்த நேரம். நின்றது. மறுபடி கிளம்பவே இல்லை.

ஷர்ஷெனுக்குப் புல்லரித்தது. எதிரி முகாமுக்குள்ளேயே போய்க் குழி பறிக்கிறாளே! இப்படி ஒரு மூளையைச் சம்சா விற்க விட்டிருக்கிறது இந்த நாடு.

கடைசி ஒன்றரை நிமிடம். துணிச் சந்து 55, செருப்புச் சந்து 52. ஒமுராலியின் ஆள் ஒரு கூடை போட்டான். 54.

"இப்ப" என்றாள் மைராம்கான்.

ஷர்ஷென் கேட்டார். கிடைத்தது. கூட்டம் வண்டியை மொய்த்தது. நிமிடம் முடியும்போது நடுவர் வந்தான். விளையாட்டுப் பள்ளியில் படித்து முடித்த பையன். தாடி இன்னும் முடிவெடுக்காத முகம்.

"சார், முன்னாலயா, பின்னாலயா?"

"எது?"

"கடைசி ரெண்டு நிமிஷத்துல, உங்க பின்பாதியில இருந்து பந்து போட வேண்டிய நேரத்துல நீங்க டைம் அவுட் எடுத்தா, ஆட்டம் எங்க மறுபடி தொடங்கணும்னு நீங்களே சொல்லலாம். உங்க கூடைக்கு அடியிலயே பின்னால இருந்து போடலாம். இல்ல, நடுக்கோட்டைத் தாண்டி முன்னால ஒரு கோடு இருக்கு பாருங்க, அங்க இருந்து போடலாம்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முன்னால்தான். பாதி வழியை இனாமாகக் கடந்து கொடுக்கிறார்கள். ஷர்ஷெனின் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் முன்னால் என்றது. அதனால்தான் இருபத்தாறு வருடப் பழக்கம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. வேண்டியதை முதலில் சொன்னால் விலை ஏறிவிடும். அவர் கொட்டாவி விட்டு, கையை அலட்சியமாக வீசினார்.

"பின்னாலயே இருந்துட்டுப் போகட்டும், போ."

இப்போது பையன் கெஞ்ச வேண்டும். 'ஐயோ சார், முன்னால எடுத்துக்குங்க' என்று சொல்ல வேண்டும். இவர் மனமில்லாமல் சரி என்று சொல்ல வேண்டும்.

"பின்னால!" என்று பையன் கேட்டுப் பக்கம் கையை நீட்டினான்.

"தம்பி, இரு, இரு! நான் இன்னும் முடிவு சொல்லலையே."

"சொல்லிட்டீங்களே."

"அது முதல் சொல்லுப்பா."

"முதல் சொல்லுதான் சார் முடிவு."

"உலகத்துல எந்த ஊர்லய்யா முதல் சொல்லு முடிவாகுது?"

டீச்சர் மேசையிலிருந்தே விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "சொன்னா சொன்னதுதான், ஷர்ஷென். மாத்த முடியாது."

"அப்ப இன்னொரு டைம் அவுட் குடுங்க. புதுசா ஆரம்பிப்போம்."

"தாராளமா எடுத்துக்கோ. அப்பவும் பின்னாலதான். அதுவும் எழுதியிருக்கு."

ஷர்ஷென் வாழ்நாளில் முதன்முறையாக, மூடிய கதவு ஒன்றைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவனுக்குப் பஜார் பக்கமே வந்து பழக்கம் இருக்காது.

பின்னாலிருந்து பந்து போட்டார்கள். செருப்புச் சந்தின் ஐந்து பேரும் ஈயாக அப்பிக்கொண்டார்கள். எட்டு நொடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. ஊதல். பந்து எதிரிக்கு. கூடை. செருப்புச் சந்து 56, துணிச் சந்து 55.

கூட்டத்திலிருந்து குல்பாரா கன்டெய்னர் சாவியைத் தூக்கிக் காட்டினாள். சாவியை மட்டும் கிலுக்கினாள்.

துருஸ்பெக் வெறி பிடித்தவன்போல் போய், நின்ற இடத்திலிருந்து எறிந்தான். மூன்று புள்ளி. 58. செருப்புச் சந்து பந்தைக் கொண்டுவந்து எறிந்து தவறவிட்டது, திரும்பப் பிடித்தது, மறுபடி எறியப் போனது. துணிச் சந்தின் ஜிப் வியாபாரி பதறிப்போய் எறிகிறவன் கையிலேயே அடித்துவிட்டான். இரண்டு தனி எறிகள். முதலாவது வெளியே போனது. இரண்டாவது விழுந்தது.

58க்கு 57. மீதி இருபத்து மூன்று நொடி. பந்து துணிச் சந்துக்கு.

"இப்ப" என்றாள் மைராம்கான்.

துணிச் சந்தின் கடைசி டைம் அவுட் அது. ஒரு நிமிடத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"முன்னாலன்னு சொல்லுங்கண்ணே" என்றான் துருஸ்பெக். "சுத்தி வளைக்காதீங்க. கொட்டாவி விடாதீங்க. அவன் வாயைத் திறந்ததும் முன்னால. ஒரே சொல்லு."

"முன்னால!" என்றான் ஜிப் வியாபாரி.

"முன்னாலங்க!" என்று குல்பாரா சாவியோடு கத்தினாள். "கேக்குதா? முன்னால! வாழ்க்கையில ஒரு தடவையாவது முன்னால!"

கழிப்பறையிலிருந்துகூட ஆள் வந்தது. பயிற்சியாளரும் முன்னால் என்கிறாராம்.

ஷர்ஷென் மைராம்கானைத் தேடினார். நிரம்பிய தட்டைத் தோளில் தாங்கி அவள் வண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"மைராம்கான், முன்னாலதானே?"

அவள் கிடங்குப் பக்கம் பார்த்தாள். வெறிச்சென்று கிடந்தது. கேட்டுப் பக்கம் பார்த்தாள். தனி எறியைப் பார்க்க வந்த முந்நூறு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"பின்னாலண்ணே."

"போன தடவை பின்னாலதான் நாசமாப் போனோம்!"

"அது போன தடவை. இப்ப பின்னாலதான். முன்னால போனா எல்லாம் போச்சு."

கண் இமைக்கவில்லை. ஷர்ஷெனுக்குப் பேரத்தில் தெரிந்த ஒரே உண்மை அதுதான். நாற்பது பேர் கத்துகிற விலை சந்தை விலை, கண் இமைக்காமல் ஒருத்தி சொல்கிற விலைதான் சரக்கின் விலை. நாற்பது பேர் கத்துவதை நம்பிப் போன வருடம் இருநூறு ஊதா நிறக் கோட்டு எடுத்தார். இன்னும் கன்டெய்னரில்தான் இருக்கின்றன. இன்று தோற்றால் அவற்றைத்தான் போர்த்திக்கொள்ள வேண்டும்.

பையன் வந்தான். "முன்னாலயா, பின்னாலயா?"

ஷர்ஷென் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பின்னால."

பையனுக்கே மனசு கேட்கவில்லை. "நிச்சயமாவா சார்?"

"முதல் சொல்லுதான் முடிவுன்னு நீதானேய்யா சொன்ன?"

துருஸ்பெக் தரையில் உட்கார்ந்துவிட்டான். இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. எதிர்ப் பெஞ்சில் ஒமுராலி சிரித்தார். தம் ஆட்களிடம் அவர் ஏற்கெனவே பாடம் நடத்தி முடித்திருந்தார். "முன்னால இருந்துதான் எடுப்பாங்க. எறிய அவங்களுக்குப் பதினாலு நொடிதான். யாரும் தொடாதீங்க. தொட்டா தனி எறி குடுத்திடுவான். பதினாலு எண்ணுங்க, எறிஞ்சே ஆகணும், தவறவிடுவாங்க, பந்தை எடுத்துட்டு ஓடுங்க." இப்போது எதிரி முட்டாள்தனமாகப் பின்னால் போகிறான். பாடத்தை மாற்றுவானேன்?

பந்தை உள்ளே போட்டார்கள். செருப்புச் சந்து சொன்னபடி தொடவில்லை, இரண்டடி தள்ளியே நின்றது. துருஸ்பெக் நிதானமாக நடுக்கோட்டைத் தாண்டினான். செருப்புச் சந்து பெஞ்சு உரக்க எண்ண ஆரம்பித்தது.

"எட்டு! ஒம்பது! பத்து!"

துருஸ்பெக் எறிய இடம் தேடினான். மேசைமேல் இருந்த இரண்டு எண் பலகைகள் கண்ணில் பட்டன. ஒன்று ஆட்டத்தின் மீதி நேரம், மற்றது எறிய மீதி நேரம். ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். அவன் முகம், திரைச்சீலையை விலக்கியதுபோல் வெளிச்சமானது. எறியாமல் பந்தைத் தட்டிக்கொண்டு வட்டம் போட்டான்.

"பன்னெண்டு! பதிமூணு! பதினாலு!"

ஊதல் வரவில்லை.

"பதினாலு!" என்று ஒமுராலி மறுபடி கத்தினார், சரக்கு வரவில்லை என்று புகார் சொல்கிறவர்போல். அவருடைய ஐந்து பேரும் விளையாட்டை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார்கள். டீச்சர் பலகையைச் சுட்டினார். அவர்களுக்குப் புரிந்து, பதறித் திரும்பி, துருஸ்பெக்கைத் துரத்திப் பிடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது.

துணிச் சந்து மொத்தமும் மேசையைச் சூழ்ந்தது. ஜெயித்தோமா என்று யாருக்கும் உறுதியில்லை. டீச்சர்தான் எழுந்து விளக்கினார்.

"முன்னால இருந்து தொடங்கினா எறியப் பதினாலு நொடிதான். பின்னால இருந்து தொடங்கினா இருபத்து நாலு. ஆட்டத்துல மீதி இருந்ததே இருபத்து மூணு. எறியவே வேணாம், பந்தை வச்சிருந்தாலே போதும். இதை யோசிச்சு ஷர்ஷென் பின்னாலன்னு சொல்லியிருக்கான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழாம் வகுப்புல குடுத்த மார்க்குக்கு இனிமே வருத்தப்படல."

அதற்கப்புறம் ஷர்ஷெனின் கால் தரையில் படவில்லை. தோளில் தூக்கிக்கொண்டார்கள். நிர்வாகி வந்து, நிறுத்தம் துணிச் சந்துக்கு என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார். ஒமுராலி வந்து கை கொடுத்தார், ஆனால் விரல்களை எண்ணித்தான் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குல்பாரா சாவியைப் பையில் போட்டாள்.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கான்னு எனக்கு ஏங்க இத்தனை வருஷமா சொல்லல?"

ஷர்ஷெனுக்கு மனசாட்சி உறுத்தியது. வியாபாரிக்கு அது எப்போதாவது வரும், மழைக்காலத்து மூட்டுவலி மாதிரி.

"நான் இல்ல குல்பாரா. மைராம்கான்."

கன்டெய்னரைத் திறந்து, உள்ளே ஆட்டுரோமம் வைத்த, நீளமான, இருப்பதிலேயே நல்ல கோட்டை எடுத்தார். இந்த ஊரில் பெரிய மனிதர்களுக்கு மேலங்கி போர்த்துவது வழக்கம். ஷர்ஷென் இதுவரை விற்றிருக்கிறாரே தவிரப் போர்த்தியதில்லை. துருஸ்பெக், குல்பாரா, ஜிப் வியாபாரி எல்லாரும் பின்னால் வர, ஊர்வலமாக வண்டிக்குப் போனார்கள்.

வண்டி காலியாக நின்றது. ஒரு துணுக்கு சம்சாகூட இல்லை. பின்புறம், கன்டெய்னர்களுக்கு அப்பால், தந்தூர் அடுப்பின் சாம்பலை அவளுடைய கணவன் தஷ்தான் வாரிக்கொண்டிருந்தான். குட்டையான, பேச்சு குறைந்த மனிதன்.

"மைராம்கான் எங்க?"

"தட்டுக் கழுவப் போயிருக்கா. என்ன விஷயம்?"

"இது அவளுக்கு." ஷர்ஷென் கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்தினார். "இன்னிக்குச் சந்தைக் காப்பாத்தினது அவதான். ஒவ்வொரு டைம் அவுட்டும் அவ சொன்னது. கடைசியில பின்னாலன்னு சொன்னா பாரு, அந்தக் கணக்கு டீச்சரைத் தவிர யாருக்கும் தெரியல."

தஷ்தான் கையைத் துடைத்துக்கொண்டு கோட்டின் உள்பக்கத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தான். நிஜ ரோமம்தான். திருப்தியாக வாங்கி, அடுப்பு மேடையில் வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி புத்தம்புது பெண்கள் பூட்ஸ் இருந்தது. செருப்புச் சந்துச் சரக்கு.

"இது ஏது?" என்று கேட்டார் ஷர்ஷென்.

"இடைவேளையிலயே ஒமுராலி குடுத்துட்டுப் போனாரு. இவ அவருக்கும் நல்ல யோசனை சொன்னாளாம்."

ஊர்வலம் அசையாமல் நின்றது. ஷர்ஷென் பூட்ஸைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தஷ்தானைப் பார்த்தார்.

"தஷ்தான், உண்மையைச் சொல்லு. உன் பொண்டாட்டி யாரு பக்கம்?"

தஷ்தான் அடுப்பின் வாயை மூடினான். கன்டெய்னர்களுக்கு மேலே நின்றுகொண்டிருந்த கடைசிப் புகை மெல்லக் கலைந்தது.

"அவளுக்குப் பந்தாட்டத்துல என்னண்ணே தெரியும்? ஒரு அடுப்புச் சம்சா வெந்து புகை நின்னதும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுவா, வண்டி நிக்கிற பக்கமே மறுபடி தொடங்கச் சொல்லுவா."